பேசக் கற்போம், கூசாமல் கற்போம்

"கொல்லிமலையில் காண்டனீஸா?" இவ்வாண்டில் எங்களை இக்கேள்வி கேட்காதவர் குறைவு. சாமையும் தினையும் விளையும் மலை இது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி இறங்கினால்தான் சமவெளி. அங்கிருந்தும் கடல் கடந்து சென்றால்தான் அந்த மொழி வழங்கும் நாடு. "ஆங்கிலமே இன்னும் நாவில் படியவில்லை, இதற்குள் சீனர் மொழி எதற்கு?" என்று பெற்றோர் கேட்கின்றனர். "பரீட்சையில் வருமா?" என்று தோழியர் கேட்கின்றனர். கேட்பவர் அனைவரும் எங்கள் நலம் நாடியே கேட்கின்றனர். ஆகவே மறுமொழி கூறுவது எங்கள் கடமை. அதற்கு இம்மலரில் இடமளித்த அருட்சகோதரிகளுக்கு எங்கள் நன்றி.

நடந்தது இதுதான். ஹாங்காங்கில் பல ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பிய அருட்சகோதரி ஒருவர், விடுதியில் தங்கிப் படிக்கும் எங்களுக்கு ஒரு பருவம் முழுவதும் மாலை வேளைகளில் அரை மணி நேரம் காண்டனீஸ் பேசக் கற்பித்தார். பாடநூல் இல்லை, எழுத்து இல்லை, மதிப்பெண் இல்லை. பருவ முடிவில் எங்கள் கையிருப்பு ஏறத்தாழ நாற்பது வாக்கியங்கள். இந்த நாற்பதைக் கொண்டு ஒருவரும் வேலை தேடிக்கொள்ள முடியாது. ஆயினும், ஒரு மொழியை அதன் முதல் ஒலியிலிருந்து வாய்திறந்து கற்கும் பயிற்சி ஒவ்வொரு மாணவிக்கும் பள்ளி வாழ்வில் ஒருமுறையேனும் கிடைக்க வேண்டும் என்பதும், அப்பயிற்சிக்குக் காண்டனீஸ் மிகப் பொருத்தமானது என்பதும் எங்கள் துணிபு. ஏன் என்று கூறுகிறோம்.

எங்கே வழங்கும் மொழி?

காண்டன் என்பது தென்சீனத்தின் பெருநகரமாகிய குவாங்சௌவுக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர். அந்நகரிலும் அதைச் சூழ்ந்த நாட்டுப்புறத்திலும், ஹாங்காங்கிலும் மக்காவிலும் மக்கள் பேசுவது காண்டனீஸ். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஹாங்காங்கில் நூற்றுக்கு 88 பேருக்கு அன்றாடப் பேச்சு மொழி இதுவே. சீனத்தின் பொது மொழியாகிய மாண்டரின் வேறு, இது வேறு. இரண்டையும் பேசுவோர் ஒருவரையொருவர் கேட்டுப் புரிந்துகொள்வது அரிது.

நமக்கும் இம்மொழிக்கும் தொடர்பே இல்லை என்று எண்ண வேண்டாம். சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து மலாயா நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் பல்லாயிரவர். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் அவர்களுடைய அண்டை வீட்டார் காண்டனீஸ் பேசும் சீனர். சந்தையில் காய்கறி வாங்கப் பழகிய பேச்சு, பிள்ளைகள் காலத்தில் நட்பின் பேச்சாக மாறியது. ஹாங்காங்கிலும் தமிழர் வாழ்கின்றனர். 1967ஆம் ஆண்டு முதல் அங்கே தமிழ்ப் பண்பாட்டுக் கழகம் இருந்து வருகிறது.

நாம் நாள்தோறும் அருந்தும் பானத்தின் பெயரும் ஒரு சான்று. "தேயிலை" என்பதிலுள்ள "தே" சீனத்தின் ஃபூஜியன் கடற்கரையார் உச்சரிப்பு. நம் அண்டை மாநிலத்துச் சகோதரிகள் "சாயா" என்கிறார்களே, அதன் மூலமாகிய "சா" காண்டனீஸ் பேசுவோர் வாயிலும் வடசீனர் வாயிலும் வழங்குவது. ஒரே செடியின் இரண்டு சீனப் பெயர்களும் நம் உணவுக்கூட மேசைமேல் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

முத்துக்குளித்துறையிலிருந்து சீனக் கடற்கரைக்கு

கத்தோலிக்கப் பிள்ளைகளாகிய நமக்கு இன்னும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. 1542இல் கோவாவில் வந்திறங்கிய புனித சவேரியார், அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழறிந்தவர் துணையோடு செபங்களைத் தமிழில் அமைத்து, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஒலித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று சிறுவர் சிறுமியருக்குக் கற்பித்தார். அதே சவேரியார் 1552 டிசம்பர் 3ஆம் நாள் இறந்த இடம் எது? காண்டன் நகரம் அமைந்த குவாங்தோங் கரைக்கு எதிரேயுள்ள சாங்சுவான் தீவு. சீனத்துக்குள் நுழைய வழி பார்த்துக் காத்திருந்த நிலையில், கரை கண்ணுக்கெட்டும் தொலைவில் அவர் கண்மூடினார்.

அவர் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தவர் மிக்கேல் ருஜ்ஜியேரி என்னும் இத்தாலியச் சேசு சபைக் குரு. 1578இல் இந்தியாவுக்கு வந்த அவரும் முதலில் முத்துக்குளித்துறைக்கே அனுப்பப்பட்டுத் தமிழ் பயின்றார். மறு ஆண்டில் மக்காவுக்குச் சென்று சீனம் கற்க வேண்டும் என்று கட்டளை வந்தது. அவர் கற்க வேண்டியது அரசு அதிகாரிகளின் சீனப் பேச்சு. மக்காவிலோ அதைப் போர்த்துக்கீசிய மொழி வழியாகக் கற்பிக்க வல்லவர் கிடைக்கவில்லை. முடிவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஓர் ஓவியர். குதிரையை வரைந்து காட்டி அதன் பெயரைச் சொல்வார். குருவானவர் கேட்டுத் திரும்பச் சொல்வார். முப்பத்தைந்து வயதைக் கடந்த, சட்டம் பயின்ற ஒரு குரு, குழந்தையைப் போலப் படம் பார்த்து மொழி கற்றார். 1582இல் மத்தேயு ரிச்சி அவரோடு சேர்ந்தார். 1583 முதல் 1588 வரையிலான ஆண்டுகளில் போர்த்துக்கீசிய சீன அகராதி ஒன்றை இருவரும் தொகுத்தனர்.

பின்னாளில் பெண்களும் இப்பாதையில் சென்றனர். சார்த்தர் புனித பவுல் சபைச் சகோதரிகள் 1848இலும், கனோசா சபைச் சகோதரிகள் 1860இலும் ஹாங்காங்கில் வந்திறங்கினர். கைவிடப்பட்ட குழந்தைகளைக் காப்பதற்கும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதற்கும் அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஊர்ப் பேச்சு. அழும் குழந்தையிடம் இலக்கண நூலைக் கொண்டுபோய்ப் பயனில்லை அன்றோ?

ஙோ என்றால் நான்

இனிப் பாடத்துக்கு வருவோம். அரிச்சுவடியில் ங, ஙா, ஙி, ஙீ என்று எழுதிக் கைசலித்த நாள் எல்லாருக்கும் நினைவிருக்கும். "இதில் தொடங்கும் சொல்லை நாம் பேசுவதே இல்லையே, பின் எதற்கு?" என்று கேட்காத பிள்ளை இல்லை. காண்டனீஸில் "நான்" என்பதற்குச் சொல் "ஙோ". ஐந்து என்னும் எண்ணுக்குச் சொல் வெறும் "ங்". ஆங்கிலேயர் இவ்வொலியைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்துச் சொல்லத் திணறுவர். நமக்கோ அதற்கென எழுத்து வரிசையே இருக்கிறது. முன்னோர் நம் பெட்டியில் பூட்டி வைத்த சாவிக்கு எங்கோ ஒரு பூட்டு இருக்கிறது என்று அன்று அறிந்தோம்.

"நீ" என்பதற்கு "நெய்". "ஹோ" என்றால் நலம். ஆகவே "நெய் ஹோ" என்பது வணக்கம் கூறுவது போன்றது. காலை வணக்கம் "ஜோ ஸன்". சகோதரி "ஸவ் நோய்". ஒருவர் நமக்குப் பொருள் ஏதும் கொடுத்தால் "தோ ஜே" என்று நன்றி கூற வேண்டும். கதவைத் திறந்துவிட்டால், வழி காட்டினால், "ம் கோய்" என்று கூற வேண்டும். கொடைக்கு ஒரு நன்றி, உதவிக்கு ஒரு நன்றி! அந்த நுட்பத்தை எண்ணி வியந்தோம். நம் வீட்டில் நாள்தோறும் சோறாக்கிப் போடும் அம்மாவுக்கு இவ்விரண்டில் எதையேனும் நாம் கூறுகிறோமா என்றும் எண்ணிப் பார்த்தோம்.

நமக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது: "ஸிக் ஜோ ஃபான் மெய் ஆ?" பொருள்: "சோறு சாப்பிட்டாச்சா, இன்னும் இல்லையா?" வீட்டுக்கு வந்தவரை நம் பாட்டி கேட்கும் முதல் கேள்வி அங்கேயும் நலம் விசாரிக்கும் கேள்வியாகவே வழங்குகிறது. கடைசியில் நிற்கும் "ஆ" வையும் கவனியுங்கள். நம் கேள்விகளும் "ஆ" என்றுதானே முடிகின்றன!

இலக்கணம் அச்சுறுத்துவதன்று. உண்கிறேன், உண்கிறாய், உண்கிறாள் என்று வினை மாறுவதில்லை. ஙோ ஸிக், நெய் ஸிக், கோய் ஸிக், அவ்வளவே. "கோய்" என்பது அவனுக்கும் அவளுக்கும் பொது. "தேய்" என்பதைச் சேர்த்தால் பன்மை: "ஙோ தேய்" என்றால் நாங்கள். நாம் என்பதற்கும் அதே சொல்தான். நாம், நாங்கள் என்று பிரித்துப் பேசும் வளம் தமிழுக்கு உண்டு, அதற்கு இல்லை. சொற்களின் வரிசை மட்டும் நமக்குப் புதிது. "நான் சோறு உண்கிறேன்" என்பதை "ஙோ ஸிக் ஃபான்", அதாவது நான், உண், சோறு என்ற வரிசையில் சொல்ல வேண்டும்.

ஆறு தொனிகள்

அரிய பகுதி இனிமேல்தான். காண்டனீஸில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி உண்டு. மேலே நிலையாக நிற்பது ஒன்று; மேலே ஏறுவது இரண்டு; நடுவில் நிலையாக நிற்பது மூன்று; தாழ்ந்து இறங்குவது நான்கு; தாழ்விலிருந்து சற்றே ஏறுவது ஐந்து; தாழ்வில் நிலையாக நிற்பது ஆறு. "ஸீ" என்னும் ஒரே ஒலி இவ்வாறு தொனியில் முறையே கவிதை, வரலாறு, தேர்வு, காலம், சந்தை, காரியம் என்று ஆறு பொருள் தரும். வரலாறு சற்றே தொனி மாறினால் தேர்வாகிவிடும் என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது; நம் பள்ளியிலும் அப்படித்தானே!

இன்னொன்று: "மாய்" என்பதை ஐந்தாம் தொனியில் சொன்னால் வாங்குதல்; ஆறாம் தொனியில் சொன்னால் விற்றல். சோளக்காட்டுச் சந்தையில் ஒருத்தி அன்னாசிப்பழம் வாங்க வந்தாளா, விற்க வந்தாளா என்பதே தொனியால் மாறிவிடும் என்றால், செவியை எவ்வளவு கூர்மையாக வைத்துக்கொள்ள வேண்டும்!

இத்தொனிகளைக் குறிக்க 1993இல் ஹாங்காங் மொழியியல் கழகத்தார் வகுத்த முறைக்கு "யுத்பிங்" என்று பெயர். ரோமன் எழுத்தில் ஒலியை எழுதி, பக்கத்தில் 1 முதல் 6 வரை எண் இடுவார்கள். நாங்கள் தமிழ் எழுத்தில் எழுதி, தலைமேல் அந்த எண்ணை இட்டுக்கொண்டோம். ஆனால் தமிழ் எழுத்து ஓரளவுக்குத்தான் உதவும் என்பதையும் கூற வேண்டும். காண்டனீஸில் மூச்சோடு சொல்லும் ப, த, க ஒலிகள் வேறு. மூச்சின்றிச் சொல்வன வேறு. அதற்கு ஒரு வழி: மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு எதிரே பிடியுங்கள். மூச்சோடு சொன்னால் காகிதம் ஆடும்; மற்றதற்கு அசையாது.

தமிழ்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. நாம் வல்லின மெய்யில் ஒரு சொல்லை முடிக்கப் பழகாதவர்கள். "கப்" என்பதைக் "கப்பு" என்போம். "கேக்" என்பதைக் "கேக்கு" என்போம். நம் குற்றியலுகரம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆறு என்பதற்கான "லுக்", பத்து என்பதற்கான "ஸப்" ஆகியவற்றில் அந்த உகரத்துக்கு இடமில்லை. நாவும் உதடும் மூடிக்கொள்ள வேண்டும். ஒலி வெளியே வரக்கூடாது. இதைக் கற்கும்போதுதான் வகுப்பில் படித்த குற்றியலுகரம் வெறும் மனப்பாடம் அன்று, நம் வாயிலேயே குடியிருக்கிறது என்று புரியும். அயல்மொழி கற்பதால் தாய்மொழி இலக்கணம் விளங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எப்படிக் கற்பது?

தொடங்குவோருக்கு நாங்கள் கூறுவது ஐந்து. முதலாவது, எழுத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். சீன எழுத்து ஆயிரக்கணக்கானது. பேச்சுக்கு அது முதல் நாளே தேவையில்லை. நாமும் எழுதப் படிக்கும் முன்பே தமிழ் பேசினோம்.

இரண்டாவது, சொல்லைத் தனியே கற்காமல் வாக்கியமாகக் கற்க வேண்டும். "விலை என்ன?" என்பதற்கு "கெய் தோ சின்?" என்று முழுதாகப் பழகினால் தொனியும் கூடவே வந்துவிடும். மூன்றாவது, உதவி கேட்கும் வாக்கியங்களை முதல் வாரத்திலேயே கற்க வேண்டும். "மான் மான் கோங்" என்றால் "மெல்ல மெல்லப் பேசுங்கள்". நம்மைப் போலவே அவர்களும் அடுக்கிச் சொல்கிறார்கள் பாருங்கள்! இவ்வொரு வாக்கியம் தெரிந்தவள் எந்தப் பேச்சிலும் தொலைந்துபோக மாட்டாள்.

நான்காவது, இருவர் இருவராகப் பேச வேண்டும். இக்காலத்தில் கைபேசியில் எம்மொழியின் ஒலியையும் கேட்கலாம். அது பெரிய உதவி. ஆயினும் நாம் சரியாகச் சொன்னதும் கைபேசியின் முகம் மலராது. தோழியின் முகம் மலரும். ஐந்தாவது, நாள்தோறும் சிறிது பழக வேண்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஞாயிறன்று மூன்று மணி நேரம் படிப்பதைவிட, நாள்தோறும் பாத்திரம் துலக்கும்போது பத்து நிமிடம் சொல்லிப் பார்ப்பது மேல்.

எங்கள் உள்ளத்தில் உள்ளது

இவ்வளவும் கூறிய பின், உண்மையான காரணத்தையும் கூற வேண்டும்.

மலைப் பிள்ளைகள் பலர் கீழ்நாட்டுக்குச் சென்றால் வாய்மூடிவிடுகிறோம். அறிவில்லாததால் அன்று. எங்கள் பேச்சின் இழுவையைக் கேட்டுச் சிலர் சிரிக்கின்றனர். பேச்சுப் போட்டிக்கோ, கல்லூரி நேர்முகத்துக்கோ சென்றால், விடை தெரிந்தும் சொல்லக் கூசி நிற்கிறோம். ஆங்கில வகுப்பிலும் அதுவே நிகழ்கிறது. சிறுவயதிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவள் முன்வரிசையில் பேசுகிறாள். மற்றவள் பின்வரிசையில் அமர்ந்து, எழுத்துத் தேர்வில் மட்டும் மதிப்பெண் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வாக்கியம் பேசாமல் வெளியேறுகிறாள். இது எத்தனை பெரிய இழப்பு! செவிலியராக விரும்பும் பெண் நோயாளியிடம் பேச வேண்டாமா? நாளை ஊராட்சியில் அமரும் பெண் அதிகாரியிடம் பேச வேண்டாமா?

காண்டனீஸ் வகுப்பில் நாங்கள் கண்டது வேறு காட்சி. அங்கே முன்வரிசை, பின்வரிசை இல்லை. மலைப் பிள்ளை, நகரப் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. எங்களோடு அமர்ந்து கற்ற ஆசிரியைகளுக்கும் "ஙோ" புதிது, ஆறாம் வகுப்புச் சிறுமிக்கும் புதிது. எல்லாரும் ஒரே நாளில் ஒரே படியில் நின்று தொடங்கினோம். யாரைப் பார்த்து யார் சிரிப்பது? ஆண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறவாத தோழியர் சிலர் அங்கே முதலில் கை தூக்கினர். மேட்டுக் காட்டிலிருந்து பள்ளத்துக் காட்டுக்குக் குரலை ஏற்றி இறக்கிக் கூவிப் பழகியவர்களுக்குத் தொனி எளிதில் பிடிபட்டது. எந்தக் குரலுக்காகக் கூசினார்களோ, அந்தக் குரலே அங்கே அவர்களுக்குக் கைகொடுத்தது.

திருவிவிலியத்திலும் இதற்கு ஒளி உண்டு. தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது எது? அவருடைய பேச்சு. "நீயும் கலிலேயன், உன் பேச்சே சொல்கிறது" என்ற பொருளில் அங்கிருந்தோர் கூறினர். கலிலேயா ஒரு மலைநாடு. தலைநகரத்தார் காதுக்கு அவர்கள் பேச்சு தனியாகத் தெரிந்தது. அன்று அஞ்சிய அதே பேதுரு, பெந்தகோஸ்து நாளில் பெருங்கூட்டத்தின் முன் எழுந்து நின்று பேசினார். பல நாட்டிலிருந்து வந்தோரும் தத்தம் மொழியில் கேட்டு வியந்து, "பேசுகிற இவர்கள் எல்லாரும் கலிலேயர் அன்றோ?" என்றனர். தூய ஆவியார் அவர்களைக் கலிலேயர் அல்லாதவராக மாற்றவில்லை. அவர்களுடைய அச்சத்தையே எடுத்துவிட்டார்.

நம் தமிழ் நாட்டில் வீரமாமுனிவர் செய்ததும் நினைவுகூரத்தக்கது. செந்தமிழ் இலக்கணம் வகுத்த அவர், மக்கள் வாயில் வழங்கும் பேச்சுத் தமிழுக்கும் 1728இல் தனியே ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. பேச்சு வழக்கை அவர் இழிவாகக் கருதியிருந்தால் அதற்கு ஒரு நூல் எழுதியிருப்பாரா? காண்டனீஸுக்கும் இதே நிலைதான். ஹாங்காங்கில் பாடநூலிலும் அரசு ஏட்டிலும் எழுதப்படுவது பெரும்பாலும் மாண்டரினை ஒட்டிய பொது எழுத்து நடை. வீட்டிலும் கடையிலும் பேசுவது காண்டனீஸ். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பது தமிழருக்குப் புதிதா? எழுத்தில் இடம் குறைந்தாலும் கோடிக்கணக்கானோர் அன்போடு பேசுவதால் அம்மொழி வாழ்கிறது. நம் மலைப் பேச்சையும் நாம் அவ்வாறே தலைநிமிர்ந்து பேச வேண்டும்.

இம்மலையின் வரலாற்றிலும் ஒரு சான்று இருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் வேறு சபையைச் சேர்ந்தவர்கள். இம்மக்களிடையே தொண்டாற்ற வந்து, தமிழ் கற்று, இங்கேயே குடியிருந்தனர். தொழுநோயாளர்க்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914இல் பிறந்த அவர்களுடைய மகன். 1929இல் கணவர் காய்ச்சலால் இறந்த பின்னும், முதுமையிலும் எவ்லின் அம்மையார் மலைவாழ் மக்களுக்குத் தொண்டாற்றினார். 1974இல் தம் 95ஆம் வயதில் காலமாகி, இம்மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இலண்டனில் வளர்ந்த பெண் ஒருவர் நம் மொழியைக் கற்க முடிந்தது என்றால், நாம் பிறர் மொழியைக் கற்க முடியாதா?

தடைகளும் விடைகளும்

"முதலில் ஆங்கிலம், பிறகு மற்றவை" என்பது பெற்றோர் கருத்து. ஆங்கிலத்தின் தேவையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்துக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் இலக்கணம் அன்று, கூச்சம். அந்தக் கூச்சம் மதிப்பெண்ணும் ஒப்பீடும் இல்லாத இடத்தில்தான் எளிதில் உடையும். ஒருமுறை உடைந்தால் எல்லா மொழிக்கும் உடைந்தது போலத்தான். எங்கள் வகுப்புத் தோழியர் சிலர் இப்போது ஆங்கில வகுப்பில் "மெல்ல மெல்லச் சொல்லுங்கள், ஆசிரியை" என்று கேட்கத் துணிந்திருக்கின்றனர். முன்பு கேட்டதில்லை.

"மாண்டரின் கற்றால் அதிகப் பயன் அன்றோ?" என்பது மற்றொரு கேள்வி. வணிகத்துக்கு அது பயன்படும் என்பது சரியே. ஆனால் நம் அருகில் கற்பிக்க வல்லவர் கிடைத்த மொழியைக் கற்பதே அறிவுடைமை. கிணறு வீட்டுக்கொல்லையில் இருக்க, ஆற்றுக்கு ஏன் நடக்க வேண்டும்? கற்பிப்பவர் இல்லாத பள்ளிகள் தங்கள் ஊரில் கிடைக்கும் வேறொரு மொழியை எடுத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் அது புதிதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

"நேரம் எங்கே?" என்பார் உளர். வாரத்துக்கு இரண்டு அரைமணி போதும். ஒரு பருவத்தில் நாற்பது வாக்கியம் போதும்.

ஆகவே நாங்கள் வேண்டுவது இது. வரும் ஆண்டில் ஒரு பருவத்துக்கு இவ்வகுப்பு எல்லா மாணவியர்க்கும் திறந்திருக்கட்டும். தேர்வு வேண்டாம், பரிசும் வேண்டாம். அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் எங்களோடு பெஞ்சில் அமர்ந்து கற்கட்டும். விரும்பும் அம்மாக்களும் மாலையில் வந்து அமரட்டும். பள்ளிக்கூடமே பாராத அம்மாவும் இவ்வகுப்பில் மகளுக்குச் சமமானவர். அதற்கு ஈடாக, கீழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த சகோதரிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் நாங்கள் எங்கள் மலைப் பேச்சைக் கற்பிக்கிறோம். அங்கே அவர்கள் மாணவியர், நாங்கள் ஆசிரியைகள்.

தங்கைகளே, உங்களில் எவளேனும் நாளை ஹாங்காங் செல்வாளா என்பது இறைவன் திருவுளம். ஆனால் நாளைக் காலை வகுப்பில் எழுந்து நின்று பேசுவது உங்கள் கையில் இருக்கிறது. சொல் தெரியாவிட்டால் கேளுங்கள். தொனி தவறினால் மறுபடி சொல்லுங்கள். அருகிலிருப்பவள் தடுமாறினால் சிரிக்காமல் காத்திருங்கள்.